மும்பையில் பிறந்த பாய்க்கலம்



மும்பையில் வாழும் தமிழன்பர்கள் மாலை வேளையில் கடலோரம் நின்று, துறைமுகத்தில் வந்து போகும் பெருங் கப்பல்களைக் கண்டிருப்பார்கள். கடலோடிகளின் வரலாற்றில் நீங்கா இடம்பெற்ற ஒரு சிறு பாய்க்கலம் அந்நகரிலேதான் உருவாயிற்று என்பதை அவர்களுள் அறிந்தோர் சிலரே. ‘சுஹைலி’ என்பது அதன் பெயர். பாரசீக வளைகுடாவில் வீசும் ஒரு காற்றுக்கு அரபியர் இட்ட பெயர் அது. நாம் அகத்தியர் மீன் என வழங்கும் விண்மீனை அவர்கள் சுஹைல் என்பர்.

1960-களின் முற்பாதியில், பிரிட்டிஷ் இந்தியா கப்பற் கம்பெனியில் அதிகாரியாக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் இளைஞர், உடன் பணியாற்றிய நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஒரு படகு கட்ட முனைந்தார். புதுவகைப் படகு ஒன்றின் வரைபடம் வேண்டும் என்று இங்கிலாந்துக்கு எழுதினார்கள். வந்ததோ 1920-களைச் சேர்ந்த பழைய வரைபடம். மறுபடியும் எழுதிக் காத்திருக்க நேரமில்லை. வந்ததைக் கொண்டே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். நீளம் 32 அடி, பாய்மரம் இரண்டு, உடல் முழுவதும் தேக்கு. நம் நாட்டுத் தச்சர்கள் வாய்ச்சியாலும் வில் பூட்டிய துறப்பணத்தாலும் அதை உருவாக்கினார்கள். பின்புறமும் முன்புறம் போலவே கூர்த்திருந்தமையால், பின்னிருந்து துரத்தி வரும் பேரலை அதன்மீது மோதி விழாமல் இரண்டாகப் பிளந்து செல்லும்.

1965-இல் அவர் இப்படகிலேயே தாயகம் நோக்கிப் புறப்பட்டார். இடையில் தென்னாப்பிரிக்காவில் தங்கி வேலை செய்து பொருள் ஈட்டி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி 1967-இல் இங்கிலாந்தை அடைந்தார். எங்கும் நிற்காமல் தன்னந்தனியாக உலகைச் சுற்றிவரும் எண்ணம் அதன்பின் எழுந்தது. அதற்கென இரும்பினால் புதிய படகு கட்டவே அவர் விரும்பினார். உதவி செய்ய எவரும் முன்வரவில்லை. ஆகவே 1968 ஜூன் 14-ஆம் நாள், ஃபால்மத் துறையிலிருந்து பழைய சுஹைலியிலேயே பாய் விரித்தார். அவ்வாண்டு இம்முயற்சியில் இறங்கியோர் ஒன்பதின்மர்.

சில வாரங்களிலேயே படகினுள் நீர் கசியலாயிற்று. ஏராவை ஒட்டிய பலகை இணைப்புகள் இருபுறமும் வாய் திறந்திருந்தன. இங்கே ஒரு வார்த்தை. அலுவலகத்தில் கடல் தொடர்பான சட்டங்களைத் தமிழாக்க நேர்ந்தபோதெல்லாம் சொற்கள் கிடைக்காமல் நான் இடர்ப்பட்டதுண்டு. படகின் அடிமுதுகான கட்டைக்கு ‘ஏரா’ என்றும், பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைக்கும் வேலைக்குக் ‘கலப்பற்று’ என்றும் கைக்கெட்டும் சொற்கள் இருக்க, நீண்ட தொடர்களைப் புனைந்துகொண்டிருந்தேன்!

கலப்பற்று கரையில் செய்யும் வேலை. அவரோ நடுக்கடலில் மூழ்கி, மூச்சடங்கும் ஒவ்வொரு முறையும் மேலே வந்து, மீண்டும் மூழ்கிச் செய்ய வேண்டியதாயிற்று. வெண்ணிற உடல் சுறாவின் கண்ணில் படலாகாதென்று கருநிறச் சட்டையும் காற்சட்டையும் அணிந்துகொண்டார். வெறும் பஞ்சு நிற்கவில்லை. திணிக்கத் திணிக்க வெளியே வந்தது. பின்னர் கித்தான் பட்டையில் பஞ்சைத் தைத்து, கீல் பூசி, செப்பு ஆணிகளால் அறைந்தார். இடையில் ஒரு சுறா வந்து வட்டமிட்டது. அதைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டு, வேலையைத் தொடர்ந்தார். கசிவு நின்றது.

தென்மாகடலில் ஒரு பேரலை படகைப் பக்கவாட்டில் சாய்த்தது. தொட்டியிலிருந்த குடிநீர் கெட்டது. அதன்பின் பாயில் வழியும் மழைநீரே பெருந்துணை. புயல் வேளைகளில் நீண்ட வடத்தை வளையமாகப் பின்புறம் நீரில் விட்டு இழுத்துச் செல்வார். அது படகின் வேகத்தைத் தணித்து, அதன் முதுகை அலைக்கு நேராக நிறுத்தி வைக்கும்.

தனியே செல்பவர் உறங்கும்போது சுக்கானைப் பிடிப்பவர் யார்? அவரிடம் காற்றின் திசையறிந்து தானே சுக்கானைத் திருப்பும் ஒரு பொறி இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் நியூஜிலாந்துக்கும் இடைப்பட்ட கடலில் அது பழுதாகிப் பயனற்றுப் போயிற்று. இனி பாய்களையே நம்ப வேண்டும். முன்பாய் படகின் முகத்தைக் காற்றிலிருந்து விலக்கும். பின்பாய் காற்றை நோக்கித் திருப்பும். இவ்விரண்டையும் கூட்டியும் குறைத்தும் தராசுத் தட்டுகளைப்போல் ஒக்க வைத்து, சுக்கானையும் அளவாகக் கட்டிவிட்டால், படகு தன் வழியில் தானே செல்லும். சொல்வது எளிது. எந்தக் காற்றுக்கு எந்தப் பாயை எவ்வளவு சுருக்க வேண்டும் என்பது படகுக்குப் படகு வேறுபடும். வரைபடத்தில் அது எழுதப்பட்டிருப்பதில்லை. மும்பையிலிருந்து பல்லாயிரம் மைல் அதிலேயே வந்தவருக்கு அது தெரிந்திருந்தது. கையில் பொருள் இருந்து புதுப்படகில் சென்றிருந்தால் இந்நிலையில் என்ன செய்திருப்பாரோ, சொல்வதற்கில்லை.

வானொலிக் கருவியும் பழுதாகிவிட்டமையால், 1968 நவம்பரில் நியூஜிலாந்தை விட்டகன்ற பின் அவரைப் பற்றிய செய்தியே இல்லை. மாண்டிருப்பார் என்றே பலரும் எண்ணினர். 1969 ஏப்ரல் தொடக்கத்தில் அட்லாண்டிக் கடலில் ஓர் எண்ணெய்க் கப்பல் அவரைக் கண்டது. ஏப்ரல் 22-ஆம் நாள், 312 நாட்கள் கழித்து, புறப்பட்ட துறைக்கே வந்து சேர்ந்தார். ஒன்பதின்மருள் பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே. போட்டியில் உயிரிழந்த டொனால்டு குரோஹர்ஸ்டின் குடும்பத்திற்குத் தம் பரிசுத் தொகை 5,000 பவுனையும் அளித்துவிட்டார்.

சுஹைலியை ஒத்த ‘துரியா’ என்னும் படகு பிற்காலத்தில் கோவாவில் கட்டப்பெற்றது. அதில் 2018-இல் உலகைச் சுற்றப் புறப்பட்ட நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, செப்டம்பர் 21 அன்று தென் இந்துமாக்கடற் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் காயமுற்று, எழ இயலாமல் கிடந்தார். மூன்றாம் நாள் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. அதே அமைப்பு, தேர்ந்த மாலுமி. ஆயினும் கடல் அன்று இடங்கொடுக்கவில்லை. 2022-இல் வேறொரு படகில் மீண்டும் புறப்பட்டு, 2023 ஏப்ரலில் இரண்டாமவராக அவர் கரை சேர்ந்தார்.

சுஹைலியோ லண்டனின் கிரீன்விச்சில், கடல்சார் அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டது. உலகப் பெருங்கடல்களில் நனைந்த அத்தேக்குப் பலகைகள், அங்கிருந்த உலர்ந்த காற்றில் சுருங்கத் தலைப்பட்டன. 2002-இல் உரியவரே அதை வெளியே கொண்டுவந்துவிட்டார். முதுமையிலும் தம் கையாலேயே துருப்பிடித்த இரும்பு ஆணிகளைப் பிடுங்கி மாற்றி, பல ஆண்டுகள் பாடுபட்டு, 2016-இல் அதை மீண்டும் நீரில் இறக்கினார்.