பல துறை ஆராய்ச்சிக்குத் தலைமை

பல்கலைக் கழகங்களில் அறிவு துறை துறையாகப் பிரிந்து வளர்ந்துள்ளது. வேதியியலுக்கு ஒரு கட்டடம், மருத்துவத்துக்கு ஒரு கட்டடம், சட்டத்துக்கு வேறொன்று. மக்களுக்கு வரும் இடர்களோ துறை பார்த்து வருவதில்லை. இதனை ஜொகூர் மாநில மக்கள் 2019-ஆம் ஆண்டில் நேரிலேயே கண்டனர். அவ்வாண்டு மார்ச் 7-ஆம் நாள் பாசிர் கூடாங்கில் உள்ள கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. அருகிலிருந்த பள்ளிகளின் மாணவரும் ஆசிரியரும் மூச்சுத் திணறலுக்கும் வாந்திக்கும் ஆளாயினர். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற நேர்ந்தது. மார்ச் 13-ஆம் நாள் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன.

அப்போது எழுந்த வினாக்களைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். காற்றில் கலந்த ஆவி யாது என்பதை வேதியியலார் சொல்ல வேண்டும். அது எத்திசையில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வானிலை அறிந்தோர் கணிக்க வேண்டும். குழந்தைகளின் நுரையீரலை அது என்ன செய்யும் என்பது மருத்துவரின் வினா. ஆற்றின் அடிச்சேற்றில் என்ன தங்கும், அங்கே வலை வீசிப் பிழைப்போரின் கதி யாது, குற்றவாளியைச் சட்டம் எவ்வாறு பிடிக்கும் என்பனவெல்லாம் மேலும் பலருக்குரியவை. ஆவி இன்னதென்று தெரியாமல் மருத்துவர் திட்டமாகச் சிகிச்சை செய்தல் அரிது. காற்றின் போக்குத் தெரியாமல் எந்தப் பள்ளியை எப்போது திறப்பது என்று அதிகாரி முடிவு செய்தல் இயலாது. ஒருவர் விடை மற்றொருவர் வினாவுக்கு முதற்பொருளாகிறது. ஆகவே நிபுணர் பலரை ஓர் அறையில் அமர்த்தி விட்டால் போதாது. வினாக்களை முறைப்படுத்தி, இவருடைய விடையை அவரிடம் கொண்டு சேர்க்க ஒருவர் வேண்டும். அத்தகையவர் தாமே தோன்றி விடுவாரா, அல்லது பயிற்றி உருவாக்கப்பட வேண்டியவரா என்பதே இன்று பல்கலைக் கழகங்கள் எதிர்நோக்கும் கேள்வி.

மலாயாவுக்கு இக்கேள்வி புதிதன்று. 1901-ஆம் ஆண்டில் கிள்ளானில் மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன், மலேரியாவை மருந்தால் மட்டும் வெல்ல முடியாதென்று கண்டார். சதுப்பு நிலத்தின் நீரை வடிக்கவும் காட்டை வெட்டவும் ஏற்பாடுகள் நடந்தன, காய்ச்சல் குறைந்தது. ஆனால் அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் கையாண்ட இடங்களில் காய்ச்சல் பெருகிற்று. காரணம் யாதெனில், கடலோரச் சமவெளியில் நோய் பரப்பிய கொசு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. மலையடிவாரத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையை நாடுவது. காட்டை வெட்டியதால் ஓடைகளில் வெயில் விழுந்தது. கொசுவுக்கு வசதி செய்து கொடுத்ததாயிற்று. பூச்சியியல் சொன்னதைப் பொறியியல் கேட்ட பிறகே, ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்துவதும் நீரில் எண்ணெய் தெளிப்பதும் வழக்கத்துக்கு வந்தன. அதற்குள் தோட்டங்களில் மாண்ட தமிழ்த் தொழிலாளர் பலர். துறைகளுக்கிடையே பேச்சு நடவாததன் விலையை அவர்களே கொடுத்தனர்.

இனி ஜொகூரின் சொந்த முயற்சி ஒன்றைக் காணலாம். ஸ்கூடாயில் தலைமை வளாகத்தைக் கொண்ட மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக் கழகம், 1904-இல் கோலாலம்பூரில் தோன்றிய ஒரு தொழில்நுட்பப் பள்ளியின் வழிவந்தது. 1975-இல் பல்கலைக் கழகமென்ற பெயர் பெற்றது. 2010-இல் ஆராய்ச்சிப் பல்கலைக் கழகமாக அறிவிக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டில் இப்பல்கலைக் கழகமும், ஜப்பானின் கியோத்தோ, ஒக்காயாமா பல்கலைக் கழகங்களும், அந்நாட்டுச் சுற்றுச்சூழல் ஆராய்ச்சிக் கழகமும், இஸ்கந்தர் வட்டார மேம்பாட்டு வாரியமும் ஒன்று கூடி, இஸ்கந்தர் மலேசியா என்னும் 2,217 சதுரக் கிலோமீட்டர் நிலப்பரப்பைக் கரிக்காற்றுக் குறைந்த சமுதாயமாக்கத் திட்டம் வகுக்க முனைந்தன. ஸ்கூடாயில் தலைமை தாங்கியவர் நகரமைப்புப் பேராசிரியர் ஹோ சின் சியோங். கியோத்தோவில் பேராசிரியர் யுசுரு மட்சுவோக்கா. 2012-இல் டோஹா நகரில் நடந்த பருவநிலை மாநாட்டில் அத்திட்டம் உலகின் முன் வைக்கப்பட்டது. 12 செயல்களாக வகுக்கப்பட்டு, 281 உட்திட்டங்களைக் கொண்டது அது.

எண்ணிக்கையை விட அஃது உருவான விதமே இங்கு கவனிக்கத் தக்கது. கணினிக் கணக்கு வல்லவர், மக்கள் பெருக்கம், தொழில், போக்குவரத்து ஆகியவற்றை எண்களாகக் கேட்பர். நகரமைப்பாளரோ சாலையையும் குடியிருப்பையும் வரைபடமாகப் பார்ப்பர். ஊராட்சி அதிகாரிக்கு வேண்டியது, அடுத்த ஆண்டு வரவு செலவில் எதை எழுதுவது என்பது. இம்மூவரையும் கலந்துரையாடல்களில் திரும்பத் திரும்ப உட்காரவைத்தே அத்திட்டம் எழுதப்பட்டது. அதன் இலக்கும் 2005-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு, வருமானத்தின் ஒவ்வோர் அலகுக்கும் இவ்வளவு வெளியீடு என்ற கணக்கில் குறிக்கப்பட்டது. இக்கணக்கின்படி, வட்டாரம் செல்வத்தில் விரைந்து வளருமாயின், மொத்த வெளியீடு கூடினாலும் இலக்கு நிறைவேறலாம். இந்த அளவுகோலே தக்கதா என்பது பொருளியல் மட்டும் அறிந்தவரோ, வளிமண்டலம் மட்டும் அறிந்தவரோ தனித்துத் தீர்க்கக் கூடிய கேள்வியன்று. இத்தகைய தேர்வுகளில்தான் தலைவரின் தகுதி வெளிப்படுகிறது. கியோத்தோவின் பள்ளிப் பயிற்சியொன்றைத் தழுவி, 2013-இல் இஸ்கந்தரின் தொடக்கப் பள்ளிகளிலும் சிக்கன வாழ்க்கைப் பயிற்சி நுழைந்தது. ஆராய்ச்சி, வகுப்பறை வரை சென்றதற்கு அதுவே சான்று.

இத்தகைய தலைமையைக் கற்பிக்க முடியுமா? மலேசிய உயர்கல்வி அமைச்சு 2008-இல் உயர்கல்வித் தலைமைத்துவக் கழகம் ஒன்றை நிறுவிற்று. துணைவேந்தர், புலத் தலைவர் முதலானோருக்கு நிர்வாகப் பயிற்சி தருவது அதன் நோக்கம். பதவியை நடத்தக் கற்றல் நன்றே. ஆயினும் பல துறை ஆராய்ச்சிக் குழுவின் தலைவருக்குப் பெரும்பாலும் பதவியதிகாரம் இராது. பிற துறைப் பேராசிரியருக்கு அவர் மேலதிகாரி அல்லர். ஊதிய உயர்வு கொடுக்கவோ தடுக்கவோ அவரால் இயலாது. அவருக்குள்ள கருவி பேச்சு ஒன்றே.

அப்பேச்சிலும் இடறல் மிகுதி. ‘மாதிரி’ என்ற ஒரு சொல்லையே கொள்க. கட்டடக் கலைஞருக்கு அஃது அட்டையில் செய்த சிற்றுருவம். பொருளியலாருக்குச் சமன்பாடுகளின் தொகுதி. புள்ளியியலாருக்கோ ஊர் மக்களிலிருந்து பொறுக்கியெடுத்த நூறு பேர். (ஆங்கிலத்தில் மூன்றாவதற்கு வேறு சொல் உண்டு, முதலிரண்டுக்கும் அங்கும் ஒரே சொல்தான்.) மூவரும் ஒரே சொல்லைச் சொல்லித் தலையசைத்துக் கலைந்து செல்வர், ஆறு திங்கள் கழித்தே தவறு புலப்படும்.

இதற்கென அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக் கழகத்தில் ஒரு பயிற்சி முறை தோன்றிற்று. தத்துவ அறிஞரும் விஞ்ஞானிகளும் சேர்ந்து அமைத்த அம்முறை 2007-இல் ஓர் ஆராய்ச்சி இதழில் விளக்கப்பட்டது. விஞ்ஞானத்தில் விருப்பு வெறுப்புக்கு இடமுண்டா, சோதனையின்றி அறிவு உண்டாகுமா என்பன போன்ற கூற்றுகள் அடங்கிய தாள் ஒன்று குழுவினருக்குக் கொடுக்கப்படும். ஒவ்வொருவரும் தமக்கு எவ்வளவு உடன்பாடு என்பதை 1 முதல் 5 வரை குறிப்பர். பின்னர் இரண்டொரு மணி நேரம் வாதிடுவர். முடிவில் மீண்டும் குறிப்பர். கருத்து மாற வேண்டுமென்பதன்று நோக்கம். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் எதனைச் சான்றாக ஏற்பார், எதனை ஏற்க மாட்டார் என்பது வேலை தொடங்குமுன்னே தெரிந்து விடுகிறது. செலவு சிறிது, தாளும் நேரமும் போதும். ஸ்கூடாய்க்கும் இது பொருந்தாதென்று சொல்வதற்கில்லை.

ஆனால் பயிற்சியோடு காரியம் முடிவதில்லை. பயிற்சி பெற்ற இளம் விரிவுரையாளர் வெளியே வந்து காண்பது என்ன? ஆஸ்திரேலிய ஆராய்ச்சி மன்றத்துக்கு ஐந்தாண்டுகளில் வந்த 18,476 விண்ணப்பங்களை ஆராய்ந்து, 2016-இல் ஒரு முடிவு வெளியிடப்பட்டது: துறைகளின் கலப்பு மிகுந்த விண்ணப்பங்களுக்கே நிதி கிடைக்கும் வாய்ப்புக் குறைவு. மதிப்பிடுவோர் தத்தம் துறையின் கோலைக் கொண்டே அளப்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம். பதவி உயர்விலும் இடர் இதுவே. பல பெயர் தாங்கிய கட்டுரையில் ஐந்தாவது பெயராக நிற்பவர், குழுவைக் கூட்டி வைத்தவராகவே இருப்பினும், கணக்கில் ஐந்தாமவரே.

2015-இல் வெளியான மலேசிய உயர்கல்விப் பெருந்திட்டம் இவ்வகையில் ஓர் அடி முன்னெடுத்து வைத்தது. பேராசிரியர் அனைவரையும் ஒரே ஏணியில் ஏற்றாமல், கற்பிப்போர், ஆராய்வோர், தொழிலனுபவம் வாய்ந்தோர், நிறுவனத் தலைவர் என நால்வழியாகப் பிரித்து உயர்வளிக்க அது வழி காட்டிற்று. வரவேற்கத் தக்கதே. எனினும் கூட்டாராய்ச்சியை நடத்துபவர், ஆராய்வோருக்கும் நிறுவனத் தலைவருக்கும் இடையே விழுந்து விடுகிறார். முதல் வழியினருக்கு அவர் கட்டுரை போதாதவர், பின் வழியினருக்கு அவர் பதவியில்லாதவர். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றமும் அதே 2015-ஆம் ஆண்டில், குழு வேலையில் ஒவ்வொருவர் பங்கையும் பதவி உயர்வில் மதிப்பிடப் பல்கலைக் கழகங்கள் தெளிவான நெறிகளை வகுக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. தேர்வுக் குழு, விண்ணப்பத்திலுள்ள கட்டுரைகளை எண்ணுவதோடு நில்லாமல், அக்குழுவில் பணியாற்றிய பிற துறையினரை அழைத்து, இவரின்றி அந்த ஆராய்ச்சி நடந்திருக்குமா என்று கேட்டறிவது அந்நெறிகளுள் முதலாவதாக இருக்கலாம்.