ஒரு கை, இரண்டு கணக்கு

நம் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சும் பலகையும் செய்து கொடுக்கும் தச்சர் ஒருவர் உண்டு. வயது 30. மோட்டார் லாரி ஒன்று அவருடைய சைக்கிளை இடித்துத் தள்ளியதில் இடது மணிக்கட்டு முறிந்து போயிற்று. எலும்பு கூடிவிட்டது, பிடிதான் கூடவில்லை. உளியைப் பற்றினால் நழுவுகிறது.

நஷ்டஈட்டுக்கு வழக்குத் தொடுத்தார். வக்கீல் அவரை ஒரு டாக்டரிடம் அனுப்பி வைத்தார். அதற்குமுன் தச்சரைக் கண்ணாலும் கண்டிராத அவர், பத்து நிமிஷம் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 45 சதவிகிதம் ஊனம் என்று சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். இன்ஷியூரன்ஸ் கம்பெனியாரோ வேறொரு டாக்டரை நாடினார்கள். அவர் கையையே பார்க்கவில்லை. எக்ஸ்ரே படத்தைப் பார்த்து 10 சதவிகிதம் என்றார். கட்டுப் போட்டு மூன்று மாதம் வைத்தியம் செய்த ஆஸ்பத்திரி டாக்டரை மட்டும் இரு தரப்பாரும் கூப்பிடவில்லை.

"இரண்டு பேரும் சொல்வது ஒரே கையைப் பற்றித்தானா, ஸார்?" என்று தச்சர் கேட்டபோது நமக்குப் பதில் தோன்றவில்லை.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்று வாசகர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். மாத வருமானம் 15,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,80,000. 2009-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் ஒழுங்குபடுத்திய அட்டவணைப்படி, 26 முதல் 30 வயது வரை உள்ளவருக்கு இழந்த வருஷ வருமானத்தை 17-ஆல் பெருக்க வேண்டும். மற்றச் சேர்க்கைகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், டாக்டர் எழுதும் ஒவ்வொரு சதவிகிதமும் வருமான இழப்பாக அப்படியே ஏற்கப்படும் பட்சத்தில் 30,600 ரூபாய் பெறும். 45-க்கு 13,77,000, 10-க்கு 3,06,000. ஒரு குடும்பத்தின் பத்து வருஷத்துச் சோறு டாக்டரின் பேனா முனையில் தொங்குகிறது என்பது மிகையன்று.

மோட்டார் வண்டிக்காரர்கள் பிறருக்கு விளையும் தீங்குக்காக இன்ஷியூரன்ஸ் செய்தே தீரவேண்டும் என்ற விதி நம் நாட்டில் 1946 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்தது. இப்போது நடப்பது 1988-ஆம் வருஷத்துச் சட்டம். பணம் கொடுப்பவர் யார் என்பதைச் சட்டம் திட்டமாகச் சொல்லிவிட்டது. காயத்தை அளப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதில்தான் தெளிவு பிறக்க வெகுகாலம் ஆயிற்று.

2010 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் அளித்த ஒரு தீர்ப்பை இங்கே குறிப்பிட வேண்டும். பாலாடைக்கட்டி விற்று ஜீவித்த ஓர் இளைஞர் 1991-இல் விபத்தில் சிக்கிக் காலும் கையும் முறிந்தவர். அவருடைய வழக்கு பத்தொன்பது வருஷம் கழித்து முடிவடைந்தது. (அத்தனை வருஷம் காத்திருந்த பொறுமைக்கு எந்த அட்டவணையிலும் விலை போடவில்லை.) இடது காலில் 45 சதவிகித ஊனம் என்பது சர்ட்டிபிகேட். காலின் ஊனம் வேறு, முழு உடம்பின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் சக்தியின் இழப்பு வேறு என்று கோர்ட்டார் பிரித்துக் காட்டி, அவர் விஷயத்தில் சம்பாத்திய இழப்பை 20 சதவிகிதமாக நிர்ணயித்தார்கள். இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் இழப்பு ஏறக்குறைய முழுமையாகலாம். சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தால் உத்தியோகம் போகாமலும் இருக்கலாம் என்றும் விளக்கினார்கள்.

அத்தீர்ப்பில் நமக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வைத்தியம் செய்யாமலே ஆயத்தமாகச் சர்ட்டிபிகேட் வழங்கும் டாக்டர்களிடம் எச்சரிக்கை வேண்டும். வைத்தியம் செய்தவரோ ஊனத்தை அளந்தவரோ சாட்சிக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு உட்படாத வரையில் சர்ட்டிபிகேட் மட்டும் ருசுவாகாது. சந்தேகம் இருந்தால் டிரிப்யூனலே ஒரு வைத்தியக் குழுவை நியமிக்கலாம். நல்ல டாக்டர்கள் கோர்ட்டுக்கு வரத் தயங்குவதன் காரணத்தையும் கோர்ட்டார் மறைக்கவில்லை. நாள் முழுவதும் வராந்தாவில் உட்கார வைத்தால் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை யார் பார்ப்பது? ஆகவே குறித்த நேரத்தில் அவர்களை விசாரித்து அனுப்பலாம், கமிஷனர் மூலமும் சாட்சியம் பெறலாம் என்றார்கள். வைத்தியம் செய்தவர் வர முடியாத இடத்தில்தான் ஆயத்த டாக்டர் கடை விரிக்கிறார்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாகக் குடியேறியிருக்கும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், காயமுற்றவரைத் தான் பொறுக்கிய டாக்டரிடம் அனுப்பிப் பரிசோதிக்கக் கம்பெனிக்குச் சட்டமே உரிமை தருகிறது. கூலியும் கம்பெனியுடையதே. தகராறு ஏற்பட்டால் தீர்க்க நடுநிலைப் பரிசோதனை நிலையங்களை 1994-இல் அங்கே ஏற்படுத்தினார்கள். செலவும் தாமதமும் மிகுதி என்ற புகார் கிளம்பி, 2006-இல் மூடியும் விட்டார்கள். 2017-இல் சர்க்காருக்கு அறிக்கை தந்த டேவிட் மார்ஷல், சுயேச்சையான பரிசோதனை நிலையங்கள் வேண்டும் என்று மறுபடியும் யோசனை சொன்னார். மூடிய கதவையே திரும்பவும் தட்ட வேண்டி வந்தது!

பொய்ச் சர்ட்டிபிகேட் கொடுக்கும் டாக்டரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம் என்று 2002-ஆம் வருஷத்து வைத்திய நடத்தை விதிகள் கூறுகின்றன. ஆனால் 45 என்பதும் 10 என்பதும் 'அபிப்பிராயம்' அல்லவா? அபிப்பிராயத்தைப் பொய் என்று ருசுப்பிப்பது எளிதன்று. ஆகையால் தண்டனையைக் காட்டிலும் வெளிச்சமே பயன் தரும் என்பது நம் கருத்து. இந்த வருஷம் எத்தனை பேருக்கு எழுதினார், எந்தத் தரப்புக்கு எழுதினார், கூலி என்ன, நோயாளியை நேரில் பார்த்தாரா, எவ்வளவு நேரம் பார்த்தார் என்பவற்றைச் சர்ட்டிபிகேட்டின் தலைப்பிலேயே குறிக்கச் செய்ய வேண்டும். மாணவன் தேர்வுத் தாளில் பெயரும் நம்பரும் எழுதாவிட்டால் நாம் திருத்துகிறோமா?

நமது வற்புறுத்தலின்மேல், வைத்தியம் செய்த டாக்டரை விசாரிக்க வேண்டும் என்று வக்கீல் மனுச் செய்திருக்கிறார். வாய்தா அடுத்த மாதம். தச்சர் இப்போது உளியை ஒரு துணியால் உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மூன்றாம் வகுப்புக்கு இரண்டு பெஞ்சு செய்து கொண்டிருக்கிறார்.