ஜாஸ் பியானோவின் பக்கவாத்தியம்

கோலாலம்பூரில் பங்சாரிலோ, புக்கிட் பிந்தாங் ஜாலான் மெசுயில் 1998-இல் தொடங்கிய ‘நோ பிளாக் டை’யிலோ ஜாஸ் கேட்கப் போனால், பியானோக் கட்டைகள் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். பாடகர் பாடும்போது பியானோக்காரரின் இரு கைகளும் நடுப்பகுதியை விட்டு அதிகம் அகலாது. இந்தப் பக்கவாத்திய வேலைக்கு ‘கம்பிங்’ என்று பெயர். நம் கச்சேரி வயலினைப் போல இது பாட்டைப் பின்தொடர்வதில்லை. பாட்டுக்கு அடியில் கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை, வைத்துக்கொண்டே வருகிறது.

கார்டின் சுரங்களில் எது எந்தக் கைக்கு, எந்த உயரத்தில் என்று பிரிப்பதுதான் வாய்சிங். கார்டுக்குப் பெயர் தரும் சுரத்தையே இதில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பக்கத்தில் டபுள் பாஸ் அதை வாசிக்கிறது. பியானோவும் கீழே போய் அதையே அழுத்தினால் ஒலி குழம்பும். பெயர் தரும் சுரத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாம், ஏழாம் சுரங்கள் இடக்கைக்கு. கார்டின் குணத்தைச் சொல்பவை இவைதான். ஐந்து, ஒன்பது, பதின்மூன்று ஆகியவை வலக்கைக்கு. நிறம் அங்கிருந்து வருகிறது.

ஜாஸில் ஓயாமல் வரும் வரிசை டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. ‘சி’ கட்டையை ஷட்ஜமாக வையுங்கள். முதல் கார்டுக்கு இடக்கையில் சுத்த மத்யமம், அதற்கு மேலுள்ள ஷட்ஜம். வலக்கையில் அந்தர காந்தாரம், சதுசுருதி தைவதம். அடுத்த கார்டுக்கு அந்த ஷட்ஜம் மட்டும் காகலி நிஷாதத்துக்கு இறங்கினால் போதும், மற்ற மூன்று விரல்களும் அசைய வேண்டாம்! மூன்றாவதற்கு நிஷாதம் நிற்க, மத்யமம் காந்தாரமாகவும், வலக்கையின் காந்தாரமும் தைவதமும் ரிஷபமாகவும் பஞ்சமமாகவும் இறங்கும். மூன்று கார்டும் முடிந்துவிட்டன. கை எங்கும் தாவவில்லை. எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1959-இல் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டில் பியானோக்காரர் பில் எவன்ஸ் வேறு வழி காட்டினார். ‘சோ வாட்’ மெட்டின் தொடக்கத்தில் பாஸ் கேட்கும் கேள்விக்கு அவர் பியானோ இரண்டே கார்டில் பதில் சொல்கிறது. ஒவ்வொன்றிலும் ஐந்து சுரங்கள்: கீழிருந்து நான்கும் ச–ம இடைவெளியில் அடுக்கியவை, உச்சியில் மட்டும் ச–க இடைவெளி. மேஜரா மைனரா என்று சட்டெனப் பிடிபடாத அந்த ஒலியை இன்றும் ‘சோ வாட் கார்ட்’ என்றே அழைக்கிறார்கள்.

மேடையில் கிட்டாரும் இருந்தால் பியானோ இன்னும் குறைத்து வாசிக்கும். பாஸ் இல்லாத இரவில் கணக்கே மாறும்: விட்டுவைத்த அடிச்சுரத்தை இடக்கை எடுத்துக்கொள்ள, மூன்றாம் ஏழாம் சுரங்கள் வலக்கைக்கு ஏறிவிடும்.