இங்கிலாந்தில் வீடு வாங்குவோர் கவனத்திற்கு

அயல்நாட்டில் பயிலும் பிள்ளைகளுக்காக அங்கேயே ஒரு வீடு வாங்கலாமா என்று வாடிக்கையாளர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. வாங்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆயினும், எந்நாளில் பணம் செலுத்த வேண்டும் என்பதை அந்நாட்டு ஒப்பந்தம் வரையறுக்கிறது. எவ்வளவு அனுப்பலாம் என்பதை நம் நாட்டு விதி வரையறுக்கிறது. இவ்விரண்டும் பொருந்தாவிடில் முன்பணத்தையே இழக்க நேரிடும். இங்கிலாந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவோம்.

அங்குள்ள நடைமுறை

நம் நாட்டில் விலை பேசி முடிந்ததும் முன்பணம் கொடுத்து விற்பனை ஒப்பந்தம் எழுதிக்கொள்வது வழக்கம். இங்கிலாந்திலோ, விற்பவர் விலைக்கு இசைந்த பின்னரும் இரு தரப்பினரும் சட்டத்தால் கட்டுப்படுவதில்லை. நாம் அமர்த்தும் சொலிசிட்டர் என்னும் வழக்கறிஞர், முதலில் நிலப் பதிவேட்டில் விற்பவரின் உரிமையைச் சரிபார்ப்பார். உள்ளாட்சி அமைப்பிடம் கட்டட அனுமதி, சாலைத் திட்டம் முதலிய விவரங்களைப் பெறுவார். நம் பணம் வந்த வழிக்குச் சான்றும் கேட்பார். அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகை உரிமையாகவே விற்கப்படுகின்றன. ஆதலால் குத்தகையில் எஞ்சியுள்ள ஆண்டுகளையும் பராமரிப்புக் கட்டணத்தையும் கேட்டறிதல் இன்றியமையாதது.

பின்னர், கையொப்பமிட்ட ஒப்பந்தப் படிகளை இரு தரப்புச் சொலிசிட்டர்களும் பரிமாறிக்கொள்வர். அப்போதுதான் ஒப்பந்தம் இருவரையும் கட்டுப்படுத்துகிறது. வழக்கமாக விலையில் 10 விழுக்காடு அன்று செலுத்தப்படும். மீதித் தொகைக்கான நாளும் குறிக்கப்படும். அந்நாளில் பணம் சேராவிடில் விற்பவர் அறிவிப்பு அனுப்புவார். வழக்கமான நிபந்தனைகளின்படி, அதன்பின் 10 வேலை நாள்களுக்குள்ளும் செலுத்தத் தவறினால், அவர் ஒப்பந்தத்தை முறித்து முன்பணத்தைத் தாமே வைத்துக்கொள்ளலாம்.

இங்குள்ள வரம்பு

இந்தியாவில் வசிக்கும் ஒருவர், ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தின் கீழ், ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். பிள்ளைக்கு அனுப்பும் கல்விக் கட்டணமும் இவ்வரம்பிலேயே சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

மான்செஸ்டரில் மகள் பயில்கிறாள். பெற்றோர் அங்கே 2,00,000 பவுண்டு விலையில் ஒரு வீடு வாங்க விரும்புகின்றனர் எனக் கொள்வோம். அவர்கள் இங்கிலாந்தில் வசிக்காதவர்கள் என்பதற்காக 2 விழுக்காடும், இந்தியாவில் சொந்த வீடு உள்ளவர்கள் என்பதற்காக 5 விழுக்காடும் முத்திரைத் தீர்வையில் கூடுதலாகச் சேரும். தற்போதைய விகிதங்களின்படி மொத்தத் தீர்வை 15,500 பவுண்டு. விலையும் தீர்வையும் சேர்ந்த தொகை தனி ஒருவரின் வரம்பைத் தாண்டிவிடும். கணவன், மனைவி இருவரும் தத்தம் வரம்பிலிருந்து அனுப்பலாம். அவ்வாறாயின் வீட்டை இருவர் பெயரிலும் வாங்குதல் வேண்டும். அல்லது, மீதித் தொகைக்கான நாளை ஏப்ரல் மாதத்தில் குறிக்குமாறு கேட்டால், புதிய நிதியாண்டின் வரம்பும் கிடைக்கும்.

ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் இவ்வகையில் அனுப்பும் தொகைக்கு 20 விழுக்காடு டி.சி.எஸ். வசூலிக்கப்படும். வருமான வரிக் கணக்கில் இதனை ஈடுசெய்துகொள்ளலாம். எனினும் அனுப்பும் நாளில் இத்தொகையும் கையில் இருத்தல் வேண்டும். இத்தகைய முதலீட்டுக்கு இந்திய வங்கிகள் கடன் வழங்க விதிகளில் இடமில்லை. வாங்கும் முயற்சி கைவிடப்பட்டால், பயன்படாத பணத்தை 180 நாள்களுக்குள் இந்தியாவுக்குத் திரும்பக் கொணர வேண்டும்.

வாங்கிய பின்

முத்திரைத் தீர்வையை 14 நாள்களுக்குள் செலுத்த வேண்டும். அதன்பின் நிலப் பதிவேட்டில் நம் பெயர் ஏறும். அப்பதிவே உரிமைக்குச் சான்று. இந்தியாவிலும் ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அவ்வீட்டைக் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்படலாம். வாடகை வந்தால் அதனையும் இங்கே தெரிவித்தல் கடமை.

ஆகவே, ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்ள இசைவு தருமுன், அவ்வாண்டில் எவ்வளவு அனுப்பியுள்ளீர்கள், இன்னும் எவ்வளவு அனுப்ப இயலும் என்பதைக் கிளையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பான் அட்டையையும் ஒப்பந்த வரைவையும் உடன் கொண்டுவாருங்கள்; ஏ2 படிவத்தைக் கிளையிலேயே நிரப்பிக்கொள்ளலாம்.