கோரை அறுப்பவருக்கும் ஓர் இடம் வேண்டும்

பத்தமடைப் பாயைப் புகழாதவர் இல்லை. ஆனால் அதே கோரையும் சம்பும் நம் ஊர் நீர்நிலையில் வளர்ந்திருந்தால் 'களை மண்டிக் கிடக்கிறது' என்கிறோம். அதை அறுத்துப் பிழைப்பவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கோரை, சம்பு இரண்டும் மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டிலிருந்து துளிர்ப்பவை. நீர்மட்டத்துக்கு மேலே அறுத்தால் மீண்டும் தழைக்கும். வெட்டுவாய் நீருக்குள் அமிழும்படி அறுத்தால், சம்பின் கிழங்குக்குக் காற்று செல்லும் வழி அடைபட்டு அது அழுகிவிடும். எதை வளர விடுவது, எதை ஒழிப்பது என்பதை அரிவாள் பிடிக்கும் உயரமே தீர்மானிக்கிறது.

அறுக்காமலே விட்டால் காய்ந்த தண்டுகள் ஆண்டுதோறும் மட்கிப் படிந்து தரை மேடாகும், நீர்ப்பரப்பு சுருங்கும். அறுத்துக் கரையேற்றும் ஒவ்வொரு கட்டோடும், வயல்களிலிருந்து வழிந்து வந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் வெளியேறுகின்றன. அதற்காக முழுவதையும் ஒரே நேரத்தில் அறுத்துவிடக் கூடாது. நீலத் தாழைக்கோழி போன்ற பறவைகள் இந்தப் புதர்களில்தான் கூடு கட்டுகின்றன. பகுதி பகுதியாக, முறைவைத்து அறுப்பதே சரி.

உள்ளூர் மக்களை விலக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூர் ஒரு பாடம். அங்குள்ள கேவலாதேவ் பறவைகள் காப்பிடத்தில் 1982-ல் மாடு மேய்க்கத் தடை வந்தது. எதிர்த்துத் திரண்ட கிராமத்தினர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. அதன்பின் நீரில் ஒருவகைப் புல் கட்டுக்கடங்காமல் பரவி, நீர்ப்பறவைகளுக்கான இடத்தை அடைத்தது. எருமைகள் மேய்ந்து அந்தப் புல்லைக் கட்டுக்குள் வைத்திருந்ததை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு எடுத்துக்காட்டியது. பின்னர் கிராமத்தினரைப் புல் அறுக்க அனுமதிக்க வேண்டியதாயிற்று.

இன்று நாட்டில் நடைமுறையில் இருப்பவை 2017-ம் ஆண்டின் ஈரநில விதிகள். இவற்றின்படி அமையும் மாநில ஆணையத்தில் அமைச்சர், துறைச் செயலர்கள், 5 துறைகளின் வல்லுநர்கள் இடம்பெறுகின்றனர். கோரை அறுப்பவருக்கோ, மீனவருக்கோ, விவசாயிக்கோ தனி இடம் ஒதுக்கப்படவில்லை. வல்லுநர் தேவைதான். ஆனால் எந்த மாதம் எந்த மூலையில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதை அங்கேயே இறங்கி அறுப்பவரிடம்தான் நாங்களும் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

ஒரு வாய்ப்பு உண்டு. ஓர் ஈரநிலத்தை அறிவிக்கை செய்யுமுன் தயாராகும் ஆவணத்தில், அங்கு ஏற்கெனவே நிலவும் உரிமைகளையும், அனுமதிக்க வேண்டிய செயல்களையும் குறிப்பிட்டாக வேண்டும் என்கின்றன அதே விதிகள். நெல் வயல், ஆற்றுப் படுகை, பாசனத்துக்கென வெட்டிய குளம் ஆகியவை இந்த விதிகளுக்குள் வராது. உங்கள் நீர்நிலை எந்த வகை என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

அடுத்து, யார் யார், எந்தப் பகுதியில், எந்த மாதங்களில், எவ்வளவு அறுக்கிறார்கள் என்று ஊரே கூடி எழுதி வையுங்கள். அறுக்கும் பெண்களின் பெயர்களும் அதில் இருக்கட்டும். அடுத்த கிராம சபையில் அதைத் தீர்மானமாக்கி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். எழுத்தில் இல்லாத வழக்கத்தை, நாளை வரும் அறிவிக்கை அத்துமீறலாகவே பார்க்கும்.