'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடலாமா?

கல்யாண வீட்டில் எதிரே நிற்பவரின் முகம் தெரிகிறது. பெண்ணை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார் என்பதுகூட நினைவிருக்கிறது. பெயர்தான் வரவில்லை. பந்தியில் ரசம் ஊற்றும்போது சட்டென்று வந்துவிடுகிறது. அறுபதைத் தாண்டியவர்கள் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் வார்னர் ஷாயி 1956-ல் தொடங்கிய சியாட்டில் ஆய்வு, அதே மனிதர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தது. மூளையின் வேகம் சீக்கிரமே குறையத் தொடங்குகிறது. சொல்வளம் அறுபதுகளிலும் பெரிதாகக் குறைவதில்லை.

பழகிய தெருவில் வழி தவறுவது, பால் கணக்கு குழம்புவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய மதிப்பீடு ஒன்று சொல்கிறது.

ஆனால் நேற்றுவரை பேப்பர் படித்தவர் இன்று மகனைப் பார்த்து 'நீங்க யாரு?' என்றால்? டிமென்ஷியா பெரும்பாலும் மெல்ல மெல்ல வருவது. ஒரே நாளில் வரும் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். சிறுநீர்த் தொற்றோ புது மாத்திரையோ காரணமாக இருக்கலாம். பக்கவாதமாகவும் இருக்கலாம் என்பதால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு காரணம், 'சோடியம் இறங்கிடுச்சு'. பி.பி.க்குத் தரும் சில மாத்திரைகள் சிறுநீரோடு சோடியத்தையும் வெளியேற்றும். சாப்பாடு குறைந்துபோன பெரியவருக்கு நாலு நாள் வாந்தி பேதியும் சேர்ந்தால் சோடியம் மளமளவென்று இறங்கும். ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். உப்புக் கரைத்துக் கொடுத்து வீட்டிலேயே சமாளிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டாம், சோடியத்தை அவசரமாக ஏற்றினாலும் மூளைக்கு ஆபத்து.

மெல்ல வரும் மறதிக்கும் தைராய்டு, பி12 குறைபாடு என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் உண்டு. அதிகம் தப்பிப்போவது மனச்சோர்வு. பெரியவர்கள் 'மனசு சரியில்லை' என்று சொல்ல மாட்டார்கள். பசியில்லை, உடம்பெல்லாம் வலி என்பார்கள். விடாமல் பார்த்த சீரியல்கூடப் பிடிக்காமல் போகும். 'ஒண்ணுமே ஞாபகமில்லை' என்று தாங்களே புலம்புவார்கள். டிமென்ஷியா உள்ளவரோ பெரும்பாலும் மறந்ததையே உணராமல் ஏதோ சொல்லிச் சமாளிப்பார்.

காது மந்தமானவர் பேச்சிலிருந்து ஒதுங்குவதையும் மறதி என்று எடுத்துக்கொள்கிறோம். கண்ணாடிக்குக் கூச்சப்படாத நமக்குக் காது மிஷின் என்றால் மட்டும் என்ன வெட்கமோ!

டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். சளிக்கும் தூக்கத்துக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கியதையும் சேர்த்துத்தான். அவற்றில் சில முதியவர்களைக் குழப்பிவிடும்.