கொத்துக்கரண்டியும் குடையும்

துப்பறியும் புதினம் படிப்பவள் என்று சொல்லிக்கொள்ள வரலாற்று மாணவிக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வகுப்பில் கல்வெட்டும் காசும் பற்றிப் பேசிவிட்டு, விடுதிக்குத் திரும்பியதும் தலையணைக்கு அடியிலிருந்து மர்மக் கதையை எடுக்கிறாயே என்று தோழியர் கேலி செய்வதுண்டு. ஆனால் அகழாய்வு என்பது எப்படி நடக்கும் என்பதை நான் முதன்முதலில் கண்ணெதிரே கண்டது பாடநூலில் அன்று; அப்படிப்பட்ட ஒரு கதையில்தான்.

எலிசபெத் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1975இல் வெளியிட்ட அந்தப் புதினத்தின் பெயர் 'குரோக்கடைல் ஆன் தி சாண்ட்பேங்க்'. மணல் திட்டில் முதலை என்று தமிழில் சொல்லலாம். கதை நடப்பது 1880களில். தலைவி அமீலியா பீபாடிக்கு வயது 32, திருமணம் ஆகவில்லை, தந்தை விட்டுச் சென்ற செல்வம் கையில் இருக்கிறது. எகிப்துக்குப் புறப்படுகிறாள். கெய்ரோ அருங்காட்சியகத்தில் தூசி படிந்த பானையொன்றைத் துடைக்கப் போய், எமர்சன் என்ற முன்கோபக்கார ஆய்வாளரிடம் வசவு வாங்குகிறாள். வசவுக்கு வசவு திருப்பியும் கொடுக்கிறாள்! பின்னர் அமர்னா பாலைவனத்தில் அவர் நோயுற்றுக் கிடக்கும்போது அகழாய்வுப் பொறுப்பே அவள் கைக்கு வருகிறது. இரவில் 'மம்மி' நடமாடுகிறது. வேலையாட்கள் அஞ்சி ஓடுகிறார்கள். நம் அமீலியாவோ குடையை ஓங்கிக்கொண்டு பேயைத் தேடிப் போகிறாள். அந்தக் குடைதான் பிந்தைய கதைகளில் அவளுடைய ஆயுதமாகவே ஆகிவிடுகிறது.

இதில் வரலாறு எங்கே என்று கேட்கலாம். துப்பறிவோன் வந்ததும் முதலில் என்ன சொல்கிறான்? எதையும் தொடாதீர்கள் என்கிறான். அகழாய்வாளனும் அதையேதான் சொல்கிறான். ஒரு பொருள் கிடந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிட்டால் அதன் சாட்சியம் பாதி போய்விடும். முற்காலத்தில் எகிப்தில் தோண்டியவர்கள் பலர் சிலையையும் பொன்னையும் எடுத்துக்கொண்டு பானை ஓடுகளைக் குப்பையில் எறிந்தனர். அந்த ஓடுகளே காலத்தைக் காட்டும் கடிகாரம் என்று நிறுவியவர் பிளிண்டர்ஸ் பெட்ரி. எழுத்தே தோன்றாத காலத்துக் கல்லறைகள் சுமார் 900ஐ எடுத்துக்கொண்டு, அவற்றில் இருந்த பானைகளின் வடிவ மாற்றத்தை வைத்தே அவற்றை முன்பின்னாக அடுக்கிக் காட்டினார். ஒருவகைச் சாடிக்கு முதலில் பிடிப்பதற்கு வசதியாக அலைபோன்ற கைப்பிடி இருந்தது. காலம் செல்லச் செல்ல அது தேய்ந்து, கடைசியில் வெறும் கோடாக, அலங்காரமாக மட்டும் எஞ்சியது. பயனற்றுப் போன கைப்பிடியிலிருந்து நூற்றாண்டுகளைக் கணிப்பதைத் துப்பறிதல் என்னாமல் வேறென்ன என்பது?

முன்கோபக்கார எமர்சனின் சாயல் இந்தப் பெட்ரியிடமிருந்து வந்ததுதான். கதையில் அமர்னாவில் ஓவியம் தீட்டிய தரையொன்று வெளிப்படுகிறது. அதன் வண்ணம் உதிராமலிருக்க, மரவள்ளி மாவு கரைத்த நீரை அமீலியா விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவுகிறாள். நாம் சேலைக்குக் கஞ்சி போடுவது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். ஆனால் இது கற்பனை அன்று. 1891இல் பெட்ரி அங்கே குளமும் செடிகளும் பறவைகளும் தீட்டிய தரையைக் கண்டெடுத்து இதே முறையில் காப்பாற்றினார். கதையில் சில ஆண்டுகள் முன்னதாகவே அது கிடைத்துவிடுகிறது. புதினத்துக்கு அந்த உரிமை உண்டு. உண்மைத் தரையின் முடிவு கதையைவிடக் கொடியது. அதைக் காண வந்த சுற்றுலாப் பயணிகள் அருகிருந்த வயலை மிதித்துப் பாழாக்கினர். 1912இல், பயிரை இழந்த உழவர் ஒருவர் சினங்கொண்டு தரையையே வெட்டிச் சிதைத்துவிட்டார். அவர்மீது முழுக் குற்றத்தையும் சுமத்த என் மனம் ஒப்பவில்லை. எஞ்சிய துண்டுகள் கெய்ரோ அருங்காட்சியகத்துக்குச் சென்றன.

அமீலியா என்ற பெயருக்கும் ஒரு மூலம் உண்டு. அமீலியா எட்வர்ட்ஸ் அம்மையார் ஆங்கிலப் புதின ஆசிரியை. 1873-74 குளிர்காலத்தில் நைல் நதியில் படகேறிச் சென்றவர், சின்னங்கள் அழிவதைக் கண்டு மனம் வெதும்பி, 1877இல் பயண நூல் எழுதினார். 1882இல் எகிப்திய ஆய்வு நிதி என்ற அமைப்பு தோன்ற முன்னின்றார். 1892இல் இறந்தபோது, எகிப்தியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவ இலண்டன் பல்கலைக் கல்லூரிக்குப் பொருள் எழுதிவைத்தார். அது பெண்களையும் பட்டத்துக்குச் சேர்த்துக்கொண்ட கல்லூரி. அந்தப் பதவியில் முதலில் அமர்ந்தவர் யார் தெரியுமா? பெட்ரியேதான். மெய்வாழ்வில் அமீலியா பெட்ரிக்குப் பதவி தந்தார். கதையிலோ ஆசிரியை இருவரின் சாயல்களுக்கும் திருமணமே செய்து வைத்துவிட்டார்!

அந்த ஆசிரியையைப் பற்றி அறிந்தபின்தான் புத்தகம் எனக்கு வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் போயிற்று. எலிசபெத் பீட்டர்ஸ் என்பது புனைபெயர். தம் இரு மக்களின் பெயரைச் சேர்த்து வைத்துக்கொண்டது. இயற்பெயர் பார்பரா மெர்ட்ஸ். 1952இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எகிப்தியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டம் கிடைத்தது, அதற்கேற்ற வேலை கிடைக்கவில்லை. பெண்ணுக்கு அந்தத் துறையில் இடம் அரிதாக இருந்த காலம். குடும்பம் நடத்தினார், பிள்ளைகளை வளர்த்தார், எழுதத் தொடங்கினார். 1964இல் பண்டை எகிப்தைப் பற்றிப் பொதுமக்களுக்கான நூல் ஒன்றை எழுதினார். அப்புறம் வந்தவள்தான் அமீலியா. தமக்குக் கிடைக்காத அகழாய்வுக் குழியை இவளுக்குத் தாளில் வெட்டிக்கொடுத்தார் என்றே நான் நினைக்கிறேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொல்லியலில் முதுகலை படிக்க விரும்புகிறேன் என்று சென்ற விடுமுறையில் வீட்டில் சொன்னேன். "வெயில்ல மண்ணு தோண்டுறதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?" என்று அத்தை கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

குறை இல்லாமல் இல்லை. எகிப்தியர் பெரும்பாலும் வேலையாட்களாகவும் வழிகாட்டிகளாகவுமே வருகிறார்கள். பிந்தைய கதைகளில் அப்துல்லா என்ற மேற்பார்வையாளர் மட்டும் கம்பீரமாக எழுந்து நிற்கிறார். கள்ளத்தனமாகப் பழம்பொருள் விற்பவர்மீது எமர்சன் சீறுவார். ஆனால் முறைப்படியே கப்பலேறி ஐரோப்பா போனவற்றைப் பற்றிக் கதை அவ்வளவாகக் கேள்வி எழுப்புவதில்லை.

தொடரில் மொத்தம் 20 புதினங்கள். மெர்ட்ஸ் அம்மையார் 2013இல் மறைந்தபோது கடைசிக் கதை முற்றுப்பெறவில்லை. ஜோன் ஹெஸ் என்ற எழுத்தாளர் அதை முடிக்க, 2017இல் வெளிவந்தது. படிக்க விரும்புவோர் முதல் புதினத்திலிருந்தே தொடங்குங்கள். பழைய பாணி ஆங்கிலம்; பக்கத்தில் அகராதி இருக்கட்டும். தொடக்கப் பக்கங்கள் மெல்லத்தான் நகரும். மரவள்ளி மாவு வரும்வரை பொறுத்திருங்கள்.